பெருநாள் தண்ணீர்

ரஹ்மத் நிஷாவின் வீட்டில் எந்தப் பாத்திரத்திலும் தண்ணீர் விளிம்பு வரை நிற்காது. குளியலறையில் இருக்கும் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் எப்போதும் அரைப் பீப்பாய்தான். சமையல்கட்டுக் குடமும் பாதிதான். முதல் முறை போனபோது அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் போனது ஜாக்கெட் தைக்க. சைகோனில் புடவை ஜாக்கெட் தைக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்று சொல்லி, த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோவிலில் பார்த்த ஒரு சென்னைப் பெண் விலாசம் எழுதிக் கொடுத்தாள். ஃபூ ஞுவான் பகுதியில், ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் நுழையக்கூடிய சந்தின் கடைசி வீடு அது. தையல் மிஷினைச் சுற்றிப் பள்ளிக்கூடச் சீருடைகள் வெள்ளையும் நீலமுமாகக் குவிந்து கிடந்தன. ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி ஒருவர் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு என் தோளை அளந்தார். முகம் வியட்நாமிய முகம். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு.

"எந்த ஊரு புள்ள?"

"காரைக்கால்."

அளவு நாடா நின்றுவிட்டது. "காரைக்கால்ல எங்க?"

"காரைக்கால்மேடு."

"எங்க வாப்பாவும் காரைக்கால்தான். அந்த ஊர நான் பாத்ததில்ல. வெயிலு ஜாஸ்தியாமே?"

"ஜாஸ்திதான்."

"உக்காரு. கொஞ்ச நேரம் பேசிட்டுப் போ. தமிழ் பேசி எட்டு மாசமாச்சு. வாயெல்லாம் துருப்புடிச்சு இக்கிது."

அன்றைக்கு மூன்று மணி நேரம் பேசினார். நான் தாவோ தியெனில் ஓர் ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கிறேன். வேலையில் நாள் முழுக்கப் பேச்சுதான், ஆனால் அறைக்குத் திரும்பினால் யாரோடும் பேசாமல் படுப்பேன். அதனாலோ என்னவோ அடுத்த வாரமும் போனேன். ஜாக்கெட் தைத்து முடிந்த பிறகும் போனேன்.

அவருடைய வாப்பா துணிக்கடை வைத்திருந்தவர். தாய் வியட்நாமியப் பெண், நிக்காஹ்வுக்காக இஸ்லாம் மார்க்கத்துக்கு வந்தவர். போர் முடிந்து நகரம் கைமாறிய அடுத்த வருடம் வாப்பா ஊருக்கு விமானம் ஏறினார். நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்திருந்தது, நகராட்சியில் பதியப்படவில்லை. ஆகவே மனைவிக்கும் மகளுக்கும் காகிதம் இல்லை. காகிதம் சரியானதும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வருடம் கடிதம் வந்தது. அவர் விமானம் ஏறியபோது ரஹ்மத் நிஷாவுக்கு ஏழு வயது. வாப்பா விட்டுப்போன தமிழை அவர் பிடித்துவைத்துக்கொண்டது அடுத்த தெரு சாலிஹாவால். சாலிஹாவின் உம்மா, வாப்பா இருவருமே நாகூர்ப் பக்கத்துக்காரர்கள். அவர்களும் போகாமல் தங்கிவிட்டார்கள்.

ரஹ்மத் நிஷாவும் சாலிஹாவும் ஒன்றாகத் தையல் கற்றார்கள். இன்னொரு வேலையையும் ஒன்றாகச் செய்தார்கள். முஸ்லிம் பெண் யாராவது இறந்தால் மய்யித்தைக் குளிப்பாட்டக் கூப்பிடுவது இவர்கள் இருவரையும்தான். சாலிஹா ஊற்றுவார். ரஹ்மத் நிஷா தேய்ப்பார். சாலிஹா இந்தப் பக்கம் இருந்த வரை அப்படித்தான். எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "மவுத்தானவங்கள எண்ணக்கூடாது புள்ள," என்றார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் தண்ணீர் என்றால் பயம். வாளித் தண்ணீர் அல்ல. "வாளிக்குள்ள இக்கிற தண்ணி சொன்னபடி கேக்கும்," என்பார். ஆறு, கால்வாய், மழைக்குத் தெருவில் தேங்கும் வெள்ளம், விளிம்பு வரை நிறைந்த தொட்டி இவைதான் அவருக்கு ஆகாது. பேருந்து பாலம் ஏறினால் நடுவில் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். அவருடைய சந்திலிருந்து ஐந்து நிமிட நடையில் கால்வாய்க்கரைப் பூங்கா இருக்கிறது. முப்பது வருடமாக அதற்கு முதுகு காட்டித்தான் சந்தைக்குப் போகிறார்.

இந்தப் பயத்தோடு ஒருவர் இந்த ஊரில் காலம் முழுக்க வாழ்ந்துவிடலாம். ஆனால் பதினோரு வருடங்களுக்கு முன் சாலிஹாவின் மகள் அமீர் நிஷா, இறால் பண்ணை வைத்திருக்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டு கான் யோ பக்கம் போனாள். விதவையான சாலிஹாவும் மகளோடு போய்விட்டார். கான் யோவும் இதே நகரத்தின் ஒரு பகுதிதான். ஆனால் இடையில் ஓர் அகலமான ஆறு. அதற்குப் பாலம் கிடையாது. பின் கான் துறையில் ரஹ்மத் நிஷா பரிசல் என்று சொல்லும் பெரிய தட்டையான இரும்புப் படகு ஒன்று வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்வரும். வேறு வழி இல்லை.

ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் சாலிஹா கூப்பிடுவார். ஒவ்வொரு பெருநாளுக்கும் ரஹ்மத் நிஷா பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு இருபதாம் எண் பேருந்தில் துறை வரை போவார். அங்கே தண்ணீரைப் பார்ப்பார். பலகார டப்பாவை அக்கரைக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பிவிடுவார். பிறகு சாலிஹாதான் ஒரு நாள் கிளம்பி வந்து காலி டப்பாவைத் திருப்பித் தந்துவிட்டு, மூன்று நாள் தங்கிப் போவார். அப்படி ஒரு முறை வந்தபோது சொன்னாராம்:

"நீ ஒண்ணும் மெனக்கெட வேணாம்டி. நான் மவுத்தானா அதே பரிசல்லதான் ஏத்தி உன்கிட்ட கொண்டாருவாங்க. அப்ப நல்லாத் தேய். உசுரோட இக்கும்போது ஒரு தடவ நீ வா, போதும்."

அந்தப் பேச்சை ரஹ்மத் நிஷா எனக்குச் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் முதல் முறை போவதற்கு எட்டு மாதங்களுக்கு முன் சாலிஹாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிவிட்டது. மகள் ஒன்றிரண்டு முறை கைப்பேசியில் முகம் காட்டி அழைத்தாள். சாலிஹா ஒரு வார்த்தையும் பேசாமல் அழுதுகொண்டே இருந்ததால் அதையும் நிறுத்திவிட்டாள். இனி சாலிஹா இக்கரைக்கு உயிரோடு வரப்போவதில்லை. இன்னொரு முறை தாக்கினால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இதுவரைக்கும் எத்தனையோ பேர மவுத்துக்கு அப்புறம் தொட்டிக்கிறேன்," என்றார் ரஹ்மத் நிஷா. "இவள மட்டும் அதுக்கு முந்தித் தொடணும். அவ்வளவுதான்."

எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். எதற்கும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி தீர்ந்துவிடும் என்று படிப்பு எனக்குச் சொல்லித் தந்திருந்தது, அல்லது நான் அப்படி எடுத்துக்கொண்டேன். அவருடைய பயத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். இந்த ஊரின் சரித்திரத்தைப் படித்தவர்கள் எல்லோருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. எழுபதுகளின் கடைசியில் எத்தனையோ பேர் படகேறித் தப்பினார்கள், எத்தனையோ பேர் கடலில் போனார்கள்.

"நீங்களும் படகுல போகப் பாத்தீங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன். மிக மெதுவாக, மரியாதையாகக் கேட்டதாக நினைப்பு.

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "இல்ல புள்ள. எங்கள யாரும் கூப்பிடவே இல்ல."

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் உறுத்தியது. அவருக்கு உதவி செய்யத்தான் கேட்டேனா, அல்லது ஒரு நல்ல கதை கிடைக்கும் என்று கேட்டேனா என்பது எனக்கே தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

அந்த வருடப் பெருநாளுக்கு நானும் அவரோடு போனேன். தொழுகை முடிந்து அவர் பள்ளிவாசலிலிருந்து வர, நான் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தேன். மடியில் வட்டிலப்பம் இருந்த டப்பா. ஒன்றரை மணி நேரப் பயணம். துறையில் இறங்கியதும் சீட்டு வாங்கினோம். நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் புகையைக் கக்கிக்கொண்டு காத்திருந்தன. நடந்து போகிறவர்களுக்கு ஓரமாகக் கம்பி கட்டிய பாதை. அதன் வழியாகச் சரிவு மேடைக்குப் போக வேண்டும். மேடையின் அடிப்பாதி தண்ணீருக்குள் இருந்தது. பரிசல் வந்து முட்டும்போதெல்லாம் தண்ணீர் மேலேறி வண்டிகளின் சக்கரங்களை நனைத்தது. ஆகாயத்தாமரைத் திட்டுகள் ஓடுகிற நாயைப் போல ஆற்றில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தன.

ரஹ்மத் நிஷா கம்பியைப் பிடித்தார்.

"இந்த வாட்டி வந்துருவேன்," என்றார்.

ஒரு பரிசல் போனது. இன்னொன்று வந்தது, போனது. நான்காவதும் போன பிறகு என்னிடம், "தண்ணி ஏறி இக்கிது பாத்தியா. பெருநாள்னாலே இப்புடித்தான்," என்றார். நான் அவர் கையைப் பிடித்து, இழுக்காத குறையாக, "பதினஞ்சு நிமிஷம்தாங்க, கண்ண மூடிக்குங்க, நான் பிடிச்சுக்கறேன்," என்றேன். அவர் கையை வெடுக்கென்று விடுவித்துக்கொண்டார். அத்தனை கோபமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

சீட்டு கிழிக்கும் பெண்ணுக்கு அவருடைய முகம் தெரிந்திருந்தது. வருடா வருடம் வந்து டப்பாவைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவராயிற்றே. அவள் வியட்நாமிய மொழியில் கேட்டாள்: "அக்கா, நீங்கள் ஏன் ஒவ்வொரு முறையும் தண்ணீர் பெருகுகிற நாளாகப் பார்த்தே வருகிறீர்கள்?"

"இன்றைக்குத்தானே எங்களுக்குப் பண்டிகை," என்றார் ரஹ்மத் நிஷா.

"பண்டிகை இருக்கட்டும். அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாள் ஆறு இப்படித்தான் பாயும். பௌர்ணமிக்கும் அப்படித்தான். எட்டாம் தேதி வாருங்கள், இருபத்து மூன்றாம் தேதி வாருங்கள். ஆறு குளம் மாதிரி கிடக்கும். எங்கள் அம்மா அன்றைக்குத்தான் ஊருக்குப் போவாள்."

அவள் சொன்ன எட்டாம் தேதி சந்திரக் கணக்கில். இந்த ஊர் நாள்காட்டியில் பெரிய எண்ணுக்குக் கீழே சின்னதாக அச்சிட்டிருப்பார்கள்.

டப்பாவை அக்கரைக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பும் பேருந்தில் ஏறினோம். எனக்கு வெட்கமாக இருந்தது. என் அப்பா கட்டுமரம் ஓட்டியவர். அட்டமி நவமியில் தண்ணீர் ஓடாது, வலை நின்ற இடத்தில் நிற்கும் என்று அவர் சொல்லிக் கேட்டே வளர்ந்தவள் நான். நோன்புப் பெருநாள் எப்போதும் பிறை ஒன்றில்தான் வரும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரு தடவைகூடச் சேர்த்துப் பார்த்ததில்லை. காரணத்தை அவர் மனதுக்குள்ளே தோண்டிக்கொண்டிருந்தேன். ஆறு வெளியே இருந்தது.

ஃபூ ஞுவான் வந்ததும் அவர் முதலில் போய் நின்றது நாள்காட்டி முன்னால். நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிற தடித்த நாள்காட்டி. அதன் பக்கத்தில் பள்ளிவாசலில் கொடுத்த ஹிஜ்ரி நாள்காட்டி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பதினோரு வருஷம்," என்றார். "அவளும் பெருநாளுக்கு வா, பெருநாளுக்கு வான்னே கூப்புட்டா. நானும் பெருநாளுக்கே போனேன். ஒரு வெறும் நாள்ல வாடின்னு அவளுக்கும் சொல்லத் தோணல. போலாம்னு எனக்கும் தோணல. ரெண்டு பேரும் சரியான மடச்சிங்க."

பிறகு தாள்களைப் புரட்டி, இருபத்து மூன்று என்று சின்ன எழுத்தில் போட்டிருந்த தாளின் மூலையை மடித்துவைத்தார்.

அந்த இருபத்து மூன்றாம் தேதி விடிகாலையில் அவரே என்னைக் கைப்பேசியில் எழுப்பினார். நான் வேலையிடத்தில் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். பலகாரம் எதுவும் இல்லை. ஒரு துணிப்பையில் துண்டும், இலந்தை இலைப் பொடியும், ஒரு சீப்பும் மட்டும் வைத்திருந்தார். இலந்தைப் பொடி மய்யித்துக்குப் பயன்படுத்துவது என்று எனக்குத் தெரியும். பையையே பார்த்தேன்.

"தலைக்கும் நல்லதுதான் புள்ள," என்றார்.

சீட்டு கிழிக்கும் பெண் பொய் சொல்லவில்லை. சரிவு மேடை முக்கால்வாசி வெளியே தெரிந்தது. ஆகாயத்தாமரைகள் எங்கே போவதென்று தெரியாதவை போல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனாலும் ஆறு ஆறுதான். அக்கரை மரங்கள் விரல் உயரம்கூட இல்லை.

ரஹ்மத் நிஷா இம்முறை கம்பியைப் பிடிக்கவில்லை. ஒரு பரிசலை விட்டார். இரண்டாவது பரிசல் முட்டி நின்றதும் என்னைப் பார்த்து, "நீ முன்னாடி போ. திரும்பிப் பாக்காத. கையப் புடிக்காத," என்றார்.

போனேன். இரும்புத் தளம் காலுக்கடியில் அதிர்ந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்றிருந்தாலும் பார்த்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தார். வேறு எதையும் பார்க்கவில்லை. தளத்தின் நட்டநடுவில், மீன் கூடைகள் கட்டிய ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் ஐஸ் வண்டிக்கும் நடுவே நின்றுகொண்டார். சங்கு ஊதியது. கரை நகர்ந்தது.

நான் நாலடி தள்ளி நின்றேன். அவர் உதடு முணுமுணுத்தது. வலது கை எதையோ தேய்ப்பது போல மூன்று முறை அசைந்தது. நிறுத்தினார். மறுபடி மூன்று முறை. மய்யித்தைக் குளிப்பாட்டும்போது இப்படித்தான் இருப்பேன் என்று பிறகு சொன்னார். முகத்தைப் பார்த்தால் கை ஓடாதாம். ஆகவே கையையே பார்ப்பாராம்.

பாதி ஆறு வந்தபோது அவருக்கு மூச்சு இரைத்தது. முகம் வெளிறியிருந்தது. நான் ஓரடி எடுத்துவைத்தேன்.

"அங்கயே நில்லு," என்றார். பிறகு, என்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, எனக்கா மீன் கூடைக்கா என்று தெரியாமல் பேச ஆரம்பித்தார்.

"ஒம்பது வயசுல எங்க மாவோட இதே மாதிரி ஒரு பரிசல்ல வந்தேன்." தாயை அவர் வியட்நாமிய வழக்கப்படி மா என்றுதான் சொல்வார். "தெக்க ஒரு தொறைல. அரிசி கிடைக்காத காலம். ஊரு விட்டு ஊரு அரிசி கொண்டாரக் கூடாது, புடிச்சாப் பறிச்சுக்குவாங்க. நடு ஆத்துல மா என் கையப் புடிச்சிச்சு பாரு. நகம் எறங்கி ரத்தம். ஒடம்பு முச்சூடும் நடுங்குது. நான் மேல பாத்தேன், மா தண்ணியவே பாத்துக்கிட்டு இக்கிது. சரி, இந்தத் தண்ணி நம்மள எதோ செய்யப்போவுதுன்னு எனக்குள்ள எறங்கிட்டுது."

"கவுந்துடுச்சா?"

"எங்க கவுந்துச்சு. ஒண்ணுமே ஆவல. கரையேறினோம், வீட்டுக்கு வந்தோம். மா சட்டையத் தூக்கி, புள்ளத்தாச்சி வயிறு மாதிரி கட்டியிந்த அரிசிப் பைய அவுத்துச்சு. வாப்பா கடையில மிஞ்சின துணில தச்ச பை. அக்கரைல சோதனைக்காரங்க நிப்பாங்கன்னுதான் மா நடுங்கிக்கிட்டு வந்திக்கிது. தண்ணிக்கு இல்ல. மா ஆத்தங்கரைல பொறந்தது. மீன் மாதிரி நீந்தும். சாவுறதுக்கு ஒரு மாசம் முந்தி நான் கேட்டப்பதான் சொல்லிச்சு. சொல்லிட்டு ஒரே சிரிப்பு."

"அப்ப உங்களுக்குத் தெரியும். தெரிஞ்ச பிறகுமா?"

அவர் முதன்முறையாகக் கையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சாப் போயிடுமா புள்ள? இருவது வருஷமாத் தெரியும். மனசுக்குத் தெரிஞ்சுது. காலுக்குத் தெரியல."

பெருநாள் அன்று அவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டது ஏன் என்று அப்போது விளங்கியது. கையைப் பிடித்துத்தான் அந்தப் பயம் அவருக்குள் வந்திருந்தது. நானும் பிடிக்கத்தான் பார்த்தேன்.

பரிசல் அக்கரையில் முட்டியது. மோட்டார் சைக்கிள்கள் சீறிக்கொண்டு இறங்கின. எல்லோரும் இறங்கிய பிறகு அவர் இறங்கினார். சரிவு மேடையில் ஏறி, காய்ந்த மண்ணை மிதித்ததும் ஒரு தேநீர்க் கடை ஸ்டூலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "திரும்பிப் போவவும் இதுல ஏறணுமில்ல?" என்றார்.

"ஆமா."

"அத நெனக்கவே இல்ல பாரு நான்."

அமீர் நிஷா தன் வண்டியில் ஒவ்வொருவராக அழைத்துப் போனாள். இருபுறமும் இறால் குட்டைகள். குட்டைகளில் சக்கரங்கள் சுற்றித் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தன. வீட்டு வாசலில் மழைநீர் பிடிக்கும் பெரிய மண்ஜாடிகள் வரிசையாக இருந்தன. அமீர் நிஷாவுக்குத் தமிழ் தெரியாது. என்னிடம் வியட்நாமிய மொழியில் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரியும்படி: "அம்மா நாள் முழுக்க ஏதோ உளறுகிறார். நான் பேசுவது அவருக்குப் புரிகிறது. அவர் சொல்வதுதான் ஒன்றும் புரியவில்லை. பயந்துவிடாதீர்கள்."

சாலிஹா ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் செத்துக் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ரஹ்மத் நிஷா உள்ளே வந்ததைப் பார்த்து அவர் அழவில்லை. உதட்டைக் கூட்டிக் கூட்டி எதையோ சொன்னார். ஈரத்துணியைப் பிழிவது போன்ற சத்தம்.

அமீர் நிஷா என்னைப் பார்த்தாள், இதோ இப்படித்தான் என்பது போல.

சாலிஹா இன்னொரு முறை சொன்னார். இம்முறை எனக்கும் கேட்டது.

"ஏண்டி... இம்புட்டு... நேரம்."

"பஸ்ஸு லேட்டுடி," என்றார் ரஹ்மத் நிஷா.

இத்தனை மாதங்களாக சாலிஹா உளறவில்லை. தமிழ் பேசியிருக்கிறார். நோய் அவரிடம் எதை எடுத்துக்கொண்டு எதை விட்டுவைத்தது என்று டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அதைக் கேட்டு இது பேச்சு என்று சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். நான் அமீர் நிஷாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. பிறகு நம்பினாள். பின்கட்டுக்குப் போய் வெகு நேரம் பாத்திரம் கழுவினாள்.

இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று முழுதும் எனக்குப் பிடிபடவில்லை. பாதி ஆட்களின் பெயர்கள், அவர்களில் பெரும்பாலோர் இறந்தவர்கள். மத்தியானம் ரஹ்மத் நிஷா, "தல நாறுதுடி ஒனக்கு," என்று சொல்லித் துணிப்பையைப் பிரித்தார். நானும் அமீர் நிஷாவும் நாற்காலியைத் தூக்கி ஜாடிகளுக்குப் பக்கத்தில் வைத்தோம். ரஹ்மத் நிஷா சாலிஹாவுக்குக் கைலியை மார்பு வரை கட்டிவிட்டார். ஒரு ஜாடி விளிம்பு வரை நிறைந்திருந்தது. ரஹ்மத் நிஷா அதன் முன் ஒரு கணம் நின்றார். பிறகு குவளையை உள்ளே விட்டார். தண்ணீர் வழிந்து அவருடைய காலை நனைத்தது.

முதல் குவளை வலது தோளில். இரண்டாவது, மூன்றாவது. பிறகு இடது தோள். அவருடைய கை முப்பது வருடம் பார்த்துப் பழகிய வரிசையில் தானாகவே போய்க்கொண்டிருந்தது.

சாலிஹாவின் தொண்டையில் ஒரு சத்தம் எழுந்தது. மூச்சுத் திணறுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு.

"மவுத்து... ஆவலடி... நான்."

ரஹ்மத் நிஷாவின் கை நின்றது.

"ஊத்த... தெரியல ஒனக்கு," என்றார் சாலிஹா. "ஊத்துறது... நான்."

"ஆமாடி, ஊத்துறது நீதான். இந்தா ஊத்து." குவளையை அவருடைய நல்ல கையில், இடது கையில், கொடுத்தார். சாலிஹா அதை அரையடி தூக்கினார். பாதித் தண்ணீர் தரையிலும் மீதி ரஹ்மத் நிஷாவின் மடியிலும் விழுந்தது.

"சரியா ஊத்துறா பாரு," என்றார் ரஹ்மத் நிஷா என்னிடம்.

குளித்து முடித்துத் தலை சீவிய பிறகு சாலிஹா இடது கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரஹ்மத் நிஷா விடுவித்துக்கொள்ளவில்லை. சாலிஹா தூங்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார், நனைந்த பாவாடையோடு.

நாலு மணிப் பரிசலில் திரும்பினோம். அவர் மறுபடியும் நட்டநடுவில்தான் நின்றார். உதடு முணுமுணுத்தது, கை அசைந்தது. முகம் காலையில் இருந்ததைவிட ஒன்றும் மேலாக இல்லை. கரையேறியதும் கேட்டேன், "கொஞ்சம் கொறஞ்சிருக்கா?"

"இல்ல புள்ள. அப்புடியேதான் இக்கிது. கூடவே வந்துச்சு, கூடவே வருது. வந்துட்டுப் போவட்டும்."

பேருந்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவளுக்கு நான் இக்கிறேன். எனக்கு யாரு ஊத்துவா, யாரு தேய்ப்பா தெரியல. சாம்னு இந்த ஊரு முஸ்லிம் பொண்ணுங்க ரெண்டு பேரு இக்கிறாங்க. நல்ல புள்ளைங்கதான். தமிழ்ல ரெண்டு வார்த்த பேசிக்கிட்டே தேய்க்க மாட்டாங்க, அவ்வளவுதான்." நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என் வேலை ஒப்பந்தம் அந்த வருடக் கடைசியோடு முடிகிறது.

அடுத்த முறை எட்டாம் தேதி வந்தபோது எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவர் தனியாகப் போனார். காலை எட்டரை மணிக்கு வகுப்பு நடுவே கைப்பேசி அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தேன். என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. "பாதி ஆத்துல நிக்கிறேன்," என்றார். வைத்துவிட்டார்.

சில நாள் கழித்து இன்னொரு ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போனபோது சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன். பக்கவாட்டில் தாள்கள் ஒரே சீராக இல்லாமல், அங்கங்கே புடைத்திருந்தன. எட்டு, இருபத்து மூன்று, எட்டு, இருபத்து மூன்று என்று வருடக் கடைசித் தாள் வரை மூலைகளை மடித்துவைத்திருந்தார். அத்தனை மடிப்பு வரை சாலிஹா இருப்பாரா என்று டாக்டர் எதுவும் சொல்லவில்லை. ரஹ்மத் நிஷாவும் கேட்கவில்லை.

"கையத் தூக்கு," என்று என்னிடம் சொல்லிவிட்டு, நாடாவை எடுத்துக்கொண்டு வந்தார்.